பெங்களூரிலிருந்து நேத்ராணி: டைவ், குடசாத்ரி, திரும்பும் வழி. வரிசை சரியா?

அல்சூர்வாசி:

வணக்கம் மக்களே. குடியரசு தினத்தை ஒட்டி மூணு நாள் லீவு வருது. நானும் மனைவியும் கார்ல முருடேஸ்வர் போய், நேத்ராணி தீவுல ஸ்கூபா டைவ் பண்ணலாம்னு இருக்கோம். எனக்கு ஓபன் வாட்டர் (ஸ்கூபாவோட அடிப்படை கோர்ஸ்) சர்டிஃபிகேட் இருக்கு. போன வருஷம் பாண்டிச்சேரியில எடுத்தது, அதுக்கப்புறம் தண்ணியில இறங்கலை. மனைவிக்கு நீச்சல் தெரியாது, அதனால அவங்களுக்கு டிரை டைவ் (கோர்ஸ் இல்லாம, இன்ஸ்ட்ரக்டர் துணையோட ஒரு தடவை செஞ்சு பார்க்கறது) மட்டும்.

வெள்ளி ராத்திரி கிளம்பி சனிக்கிழமை ஜோக் அருவி, முருடேஸ்வர் கோயில். ஞாயிறு காலையில படகு. எனக்கு ரெண்டு டைவ், அவங்களுக்கு ஒண்ணு. மத்தியானம் சாப்பிட்டுட்டு கொல்லூர் போய் மூகாம்பிகை தரிசனம், அங்கிருந்து ஜீப்புல குடசாத்ரி ஏறி சூரியன் மறையறதைப் பார்த்துட்டு மேலேயே தங்கல். திங்கள் பெங்களூர்.

விமானத்துல போகாததால "டைவ் முடிஞ்சு பறக்கக் கூடாது"ங்கிற விதி நமக்குப் பொருந்தாதுன்னு நினைக்கிறேன். சரியா? இன்னொண்ணு, கோர்ஸ் சமயத்துல எல்லாத்தையும் இன்ஸ்ட்ரக்டரே பார்த்துக்கிட்டார். இந்தத் தடவை கைடு முன்னாடி போவார், நான் பின்னாடி. படகுல நான் என்னென்ன பார்த்துக்கணும்? மனைவிக்குக் காது வலி, மாஸ்க்ல தண்ணி, படகுல வாந்தி, இந்த மூணுதான் பயம்.

நங்கூரம்:

முதல் கேள்விக்கு உடனே பதில்: பொருந்தும். ஞாயிறு மாலை குடசாத்ரி ஏறவே ஏறாதீர்கள்.

உடம்புக்கு விமானம், ஜீப் என்ற வித்தியாசம் கிடையாது. சுற்றியுள்ள அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்பதுதான் கணக்கு. தண்ணீருக்குள் கூடுதல் அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் திசுக்களில் கரைகிறது. மேலே வந்த பிறகு பல மணி நேரம் எடுத்துக்கொண்டுதான் அது மெல்ல வெளியேறும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால், கரைந்திருப்பது குமிழியாக மாற வாய்ப்பு கூடுகிறது. மூட்டு வலி, தோலில் சிவப்புத் திட்டு, கை கால் மரத்துப்போவது, காரணமில்லாத கடும் அசதி எல்லாம் அதன் அறிகுறிகள்.

டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லும் இடைவெளி: டிகம்ப்ரஷன் நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேற, மேலே வரும் வழியில் கட்டாயமாக நிற்பது) தேவைப்படாத ஒற்றை டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் ஒன்றுக்கு மேல், அல்லது அடுத்தடுத்த நாட்களில் டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம். இது 600 முதல் 2400 மீட்டர் உயரத்துக்குச் சமமான விமானக் கேபின் அழுத்தத்தை வைத்துச் சொன்னது. குடசாத்ரி உச்சி 1343 மீட்டர். நம் பெங்களூரே சுமார் 900 மீட்டரில்தான் இருக்கிறது. விமானக் கேபின் அளவுக்கு அழுத்தம் குறையாது என்றாலும் 600 என்ற கோட்டை எப்போதோ தாண்டியாகிவிட்டது. சென்னைக்காரர் பாண்டிச்சேரியில் டைவ் முடித்துவிட்டு அன்று மாலையே காரில் வீடு திரும்பலாம். பெங்களூர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. இதை நம்மூர் ஆட்கள் பலர் யோசிப்பதே இல்லை. ஞாயிறு மதியம் டைவ் முடித்து ராத்திரி பஸ் பிடித்துத் திங்கள் ஆபீஸ் என்று திட்டம் போடுகிறார்கள். ரயிலில் போனாலும் அதே கதைதான், சகலேஷ்பூர் கிட்டத்தட்ட 950 மீட்டர்.

உங்கள் பட்டியலிலிருந்து எந்த இடத்தையும் நீக்க வேண்டாம், வரிசையைத் திருப்பினால் போதும். வெள்ளி இரவு பெங்களூர், சிவமொக்கா வழி. சனிக்கிழமை காலை குடசாத்ரி. நடந்து ஏறாமல் ஜீப்பிலேயே போங்கள், தொடை களைத்திருந்தால் மறுநாள் தண்ணீருக்குள் தசை பிடிக்கும். மதியம் இறங்கி கொல்லூர் தரிசனம், பைந்தூர், பட்கல் வழியாக இரவு முருடேஸ்வர். சுமார் 60 கிலோமீட்டர்தான். மலையேறிவிட்டுக் கடலில் இறங்குவதில் தவறில்லை, தலைகீழாகச் செய்வதுதான் தவறு. ஞாயிறு டைவ். அன்று இரவும் முருடேஸ்வரிலேயே தங்குங்கள். 72 மீட்டர் ராஜகோபுரத்தில் லிஃப்டில் ஏறுவதெல்லாம் ஒன்றும் செய்யாது. இரண்டாவது டைவ் பகல் 12 மணிக்கு முடிந்தால் திங்கள் காலை 6 மணிக்கு 18 மணி நேரம் ஆகிவிடும். 7 மணிக்குக் கிளம்பி ஹொன்னாவர், கேர்சொப்பா மலைப்பாதை, ஜோக், சாகரா என்று வீடு வந்து சேரலாம்.

வெள்ளி இரவு முழுக்கக் கார் ஓட்டினால் சனிக்கிழமை இரவாவது எட்டு மணி நேரம் தூங்குங்கள். பீர் வேண்டாம். தூக்கக் குறைவும் உடம்பில் நீர்ச்சத்துக் குறைவும் குமிழிப் பிரச்சினையைத் தூண்டக்கூடியவை.

ஆழ்கடல்_ஆறுமுகம்:

நங்கூரம் அண்ணன் பயணத்தைச் சொல்லிட்டார், நான் படகை எடுத்துக்கறேன்.

முதல்ல ஒரு விஷயம். ஒரு வருஷம் இடைவெளி விட்டிருக்கீங்க. புக் பண்ணும்போதே இதைச் சொல்லி, முதல் டைவ் தொடக்கத்துல மாஸ்க்ல தண்ணி விட்டு வெளியேத்தறது, ரெகுலேட்டரை (வாயில வச்சு மூச்சு விடற கருவி) எடுத்துட்டுத் திரும்பப் போடறது, கூட வர்றவர்கிட்ட காத்து வாங்கறது, இந்த மூணையும் 5 மீட்டர்ல செஞ்சு பார்க்கணும்னு கேளுங்க. பெங்களூர்லயே நீச்சல் குளத்துல ரிஃப்ரெஷர் (மறந்ததைத் திரும்பப் பழகற வகுப்பு) நடத்தறாங்க, முன்னாடி வார இறுதியில அதை முடிச்சுட்டுப் போனா இன்னும் நல்லது. பழைய லாக் புக்ல (டைவ் குறிப்பு நோட்டு) நீங்க இடுப்புல கட்டின ஈய வெயிட் எத்தனை கிலோ, வெட்சூட் (டைவ் உடுப்பு) என்ன தடிமன், சிலிண்டர் அலுமினியமான்னு பார்த்து ஒரு துண்டுத் தாள்ல எழுதிக்கிட்டுப் போங்க. படகுல "எத்தனை கிலோ வேணும்?"னு கேட்கும்போது குத்துமதிப்பாச் சொன்னா அந்த டைவ் முழுக்கப் போராட்டம்தான்.

நேத்ராணி கரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர். படகு, கடல் நிலையைப் பொறுத்து ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். மத்தியானத்துக்கு மேல கடல்காத்து ஏறி அலை தூக்கும், அதான் காலையிலேயே கிளப்பிடறாங்க. தீவுகிட்ட போனதும் படகு ஆடற ஆட்டத்துல உபகரணம் மாட்டறது கஷ்டம். அதனால கிளம்பறதுக்கு முன்னாடி, துறையிலேயே உங்க செட்டை நீங்களே பாருங்க. அவங்க மாட்டி வச்சிருந்தாலும் பாருங்க.

பார்க்க வேண்டியது இது. பிசிடியோட (காத்து நிரப்பி மிதப்பைக் கூட்டிக் குறைக்கிற ஜாக்கெட்) சிலிண்டர் பட்டையை நனைச்சுட்டு இறுக்கணும். காய்ஞ்ச பட்டையை இறுக்கினா தண்ணியில நனைஞ்சதும் தளர்ந்து, முதுகுல சிலிண்டர் நழுவும். இறுக்கினதும் பிசிடியைப் பிடிச்சுத் தூக்கி உலுக்குங்க, சிலிண்டர் அசையக் கூடாது. வால்வை முழுசாத் திறங்க. "முழுசாத் திறந்துட்டுக் கால் சுத்து மூடு"ங்கிற பழைய பழக்கம் வேண்டாம். அதுலதான் யாரோ ஒருத்தர் முழுசா மூடிட்டுக் கால் சுத்து மட்டும் திறந்து விட்டுடறது நடக்குது. அப்புறம் சிலிண்டர் அழுத்தத்தை "பார்" கணக்குல காட்டற கேஜ் முள்ளைப் பார்த்துக்கிட்டே ரெகுலேட்டர்ல நாலு மூச்சு நல்லா இழுங்க. முள் அசையாம 200 பார்ல நின்னா சரி. ஒவ்வொரு இழுப்புக்கும் முள் சரிஞ்சு சரிஞ்சு திரும்பி வந்தா வால்வு சரியாத் திறக்கலை. மேல ஒண்ணும் தெரியாது. 15 மீட்டர்ல மூச்சு கிடைக்காது. வால்வுகிட்ட "ஸ்ஸ்"னு சத்தம் வந்தா பெரும்பாலும் ஓ-ரிங் (கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) கோளாறு. மாத்தச் சொல்லுங்க, மாத்தறதுக்கு ஒரு நிமிஷம் போதும். மஞ்சள் நிற உபரி ரெகுலேட்டர்லயும் ரெண்டு மூச்சு இழுத்துப் பாருங்க. மாட்டின சிலிண்டரை நிறுத்தி வைக்காதீங்க, படகு சாஞ்சா யார் கால்லயாவது விழும்.

சின்னப் படகுன்னா விளிம்புல உட்கார்ந்து முதுகுப் பக்கமா விழறதுதான். ஃபின்ஸை (கால்ல மாட்டற துடுப்பு) உட்கார்ந்த இடத்துலதான் போடணும், போட்டுக்கிட்டு நடக்கக் கூடாது. பிசிடியில பாதி காத்து, ரெகுலேட்டர் வாயில, ஒரு கை மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும், இன்னொரு கை வெயிட் பெல்ட் பக்கிள் மேல. தாடையை நெஞ்சோட சேர்த்துக்கோங்க. பின்னாடி தண்ணி காலியா இருக்கான்னு படகுக்காரர் பார்த்துச் சொல்வார், அவர் சொன்ன எண்ணிக்கைக்கு எல்லாரும் ஒரே நேரத்துல விழணும். தயங்கிட்டு அஞ்சு நொடி கழிச்சு விழறவங்க முன்னாடி விழுந்தவர் தலை மேலதான் விழுவாங்க. மேல மிதந்து வந்ததும் படகைப் பார்த்து உச்சந்தலையில கையை வச்சு "சரி"ன்னு காட்டுங்க.

கட்டை விரலைத் தூக்கினா "மேல போகலாம்"னு அர்த்தம். நம்ம பழக்கத்துல "சூப்பர்"னு காட்டிடுவோம், கைடு டைவை முடிச்சுடுவார். நல்லா இருக்குன்னு சொல்ல ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் சேர்ந்த வட்டம்தான்.

நீரோட்டம் இருக்கிற இடம், அதனால நங்கூரக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே இறங்குங்க. கயிறு கையில இருந்தா இறங்குற வேகமும் உங்க கையிலதான். காது அடைச்சா நின்னுக்கலாம்.

காத்துக் கணக்கைத் தலையில வச்சுக்கோங்க. வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11.1 லிட்டர். 200 பார்லிருந்து 50 பார் வரைக்கும் செலவழிக்கலாம்னா கையில இருக்கிறது சுமார் 1665 லிட்டர். புதுசா டைவ் பண்றவர் தண்ணிக்கு மேல நிமிஷத்துக்கு 20, 25 லிட்டர் இழுப்பார். 15 மீட்டர்ல அழுத்தம் 2.5 பார், அதனால அங்க 50லிருந்து 62 லிட்டர். அரை மணி நேரம்தான் வரும். கைடோட முள் 120ல நிக்கும்போது உங்களுது 80ல இருக்கும், அது சகஜம். வெட்கப்பட்டுக்கிட்டு மறைக்கிறதுதான் ஆபத்து. 100 பார் வந்ததும் கைடுகிட்டக் காட்டுங்க, 70லயும் காட்டுங்க. 50 பாரோட படகுல ஏறணும், 50ல மேல கிளம்பறது தாமதம். உங்க சர்டிஃபிகேட்டுக்கு எல்லை 18 மீட்டர். கைடு அதுக்குக் கீழ போனா நீங்க பின்னாடி போகாம அதே மட்டத்துல நின்னு கை காட்டலாம், தப்பே இல்லை.

கடைசிலதான் வெயிட் கணக்கு வேலை காட்டும். டைவ் முடியும்போது சுமார் 2 கிலோ காத்து செலவாகி சிலிண்டர் மிதக்கப் பார்க்கும். தொடக்கத்துல வெயிட் சரியா இருந்தும் 5 மீட்டர்ல நிக்க முடியாம மேல போறவங்க இதை மறந்தவங்கதான். பிசிடி காலியா, சாதாரண மூச்சுல, தண்ணி மட்டம் கண்ணுக்கு நேரா நிக்கணும். இந்தச் சோதனையை முழு சிலிண்டரோட செஞ்சா அதுக்கு மேல 2 கிலோ சேர்த்துக்கோங்க.

மேல வர்ற வேகம் நிமிஷத்துக்கு 9 மீட்டருக்குள்ள. 5 மீட்டர்ல 3 நிமிஷம் நிறுத்தம். மூச்சை ஒரு நொடி கூட அடக்கக் கூடாது. ரெண்டு டைவுக்கும் கையில அதே டைவ் கம்ப்யூட்டரைக் (ஆழம், நேரத்தை வச்சு நைட்ரஜன் கணக்குப் போடற கருவி) கட்டணும். மாத்திக் குடுத்தா முதல் டைவ் அதுக்குத் தெரியாது. நடுவுல ஒரு மணி நேரம் இடைவெளி கேளுங்க. ஏணியில ஒருத்தர் ஏறும்போது அவருக்கு நேர் கீழ நிக்காதீங்க. சிலிண்டரோட அவர் வழுக்கினா உங்க மண்டை மேலதான். படகுல உட்கார்ற வரைக்கும் மாஸ்க்கும் ரெகுலேட்டரும் அப்படியே இருக்கட்டும்.

சங்குமணி:

உங்கள் மனைவிக்காக எழுதுகிறேன். இதை அவங்களையே படிக்கச் சொல்லுங்கள்.

டிரை டைவுக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை. ஆழம் அதிகபட்சம் 12 மீட்டர். இன்ஸ்ட்ரக்டர் சிலிண்டர் வால்வைப் பிடித்துக்கொண்டே கூட வருவார். புக் செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி, ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர் என்பது. நீச்சல் தெரியாதவருக்கு ஒருவருக்கு ஒருவர் என்றால் மட்டும் பணம் கட்டுங்கள். ஆழத்துக்கு முன் மார்பளவுத் தண்ணீரிலோ கயிற்றைப் பிடித்தபடி மேல்மட்டத்திலோ பத்து நிமிடம் பயிற்சி உண்டா, படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, இவற்றையும் கேளுங்கள். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, ரத்த அழுத்தம், காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் பற்றியெல்லாம் கேட்பார்கள். எதையும் மறைக்கக் கூடாது. ஒரு "ஆம்" இருந்தாலே டாக்டர் கையெழுத்து வேண்டும், அதைப் பெங்களூரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் டைவ் வேண்டாம்.

காதுதான் முக்கியம். வலி வந்த பிறகு அழுத்தத்தைச் சமன் செய்யக் கூடாது, வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். முதல் 10 மீட்டரில்தான் அழுத்தம் இரட்டிப்பாகிறது, அதனால் தொல்லையும் மேல்மட்டத்தில்தான் அதிகம். தலை தண்ணீருக்குள் போனதுமே முதல் தடவை, பிறகு அரை மீட்டருக்கு ஒரு தடவை, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதவும். திறக்கவில்லையென்றால் மூக்கைப் பிடித்தபடியே எச்சிலை விழுங்கிப் பார்க்கலாம். அப்படியும் இல்லையென்றால் ஒரு மீட்டர் மேலே போய்த் திரும்பச் செய்ய வேண்டும். வலுவாக ஊதினால் உள்காதுக்கே சேதம். கால் கீழே இருக்கும்படி இறங்கினால் காது சுலபமாகத் திறக்கும். வீட்டில் தினமும் கண்ணாடி முன் பத்துத் தடவை பழகச் சொல்லுங்கள், இரண்டு காதிலும் "டிக்" என்று கேட்க வேண்டும்.

மாஸ்க் ஒழுகுவதற்குப் பத்தில் ஒன்பது தடவை முடிதான் காரணம். நெற்றியில் ஒரே ஒரு இழை சிலிக்கான் ஓரத்துக்கு அடியில் மாட்டினாலும் நூல் பிடித்தாற்போல் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். இறுக்கிப் பின்னி, முன் முடியைத் துணிப்பட்டையால் ஒதுக்கவும். அன்று காலை தலைக்கு எண்ணெய் வேண்டாம், நெற்றியில் சன்ஸ்கிரீன் வேண்டாம். உங்களுக்கு மீசை இருந்தால் மூக்குக்கும் மீசைக்கும் நடுவே ஒரு கோடு அகலத்துக்கு மழித்துவிடுங்கள், மாஸ்க் ஓரம் அங்கேதான் உட்காரும். பட்டையை இறுக்குவதால் ஒழுகல் நிற்காது, கூடும். மாஸ்க் கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உள்பக்கம் பேபி ஷாம்பு ஒரு சொட்டு தேய்த்து லேசாக அலசினால் போதும். பவர் கண்ணாடி போடுபவர் என்றால் பவர் லென்ஸ் மாஸ்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மெட்டியைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். ஃபின்ஸுக்குள் பக்கத்து விரலை அறுத்துவிடும், உப்புத் தண்ணீரில் விரல் ஊறிய பிறகு கழற்றுவதும் பாடு. தாலிச் சங்கிலியை வெட்சூட்டுக்கு உள்ளே தள்ளி ஜிப் போட்டுக்கொள்ளலாம், வெளியே தொங்கினால் ஹோஸில் சிக்கும்.

வாந்திக்கு: கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். பூரி, பன்ஸ் போன்ற எண்ணெய்ப் பதார்த்தம் வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம். படகின் நடுப்பகுதியில், டீசல் புகை வராத பக்கம் உட்கார்ந்து தொடுவானத்தையே பார்க்க வேண்டும். போனைப் பார்த்தால் முடிந்தது. இஞ்சி மரப்பா வாயில் போட்டுக்கொள்ளலாம். தண்ணீருக்குள் குமட்டினால் ரெகுலேட்டரை வாயிலேயே வைத்து அதற்குள்ளேயே வாந்தி எடுக்க வேண்டும். அது வெளியே போய்விடும். பிறகு ரெகுலேட்டருக்குள் இருப்பதை வெளியே தள்ளும் பர்ஜ் பட்டனை அழுத்திவிட்டு மூச்சு விடலாம். வாயிலிருந்து எடுத்தால் அடுத்து இழுக்கும் மூச்சில் கடல் தண்ணீர் உள்ளே போகும்.

நங்கூரம்:

மாத்திரை பற்றி யாரும் சொல்லவில்லை, கேள்வி வந்தே தீரும். அவோமின் நம்மூரில் எல்லாரும் பஸ் பயணத்துக்குப் போடுவது. அது தூக்கத்தை வரவழைக்கும் மருந்து. தண்ணீருக்குள் மந்தமாக இருக்கக் கூடாது. வாந்தி நிச்சயம் என்று தெரிந்தவர்கள், டைவ் செய்யப் போவதைச் சொல்லி டாக்டரிடம் கேட்டு, வீட்டில் ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பார்த்து, தூக்கம் வருகிறதா என்று தெரிந்துகொள்ளட்டும். படகில் யாரோ கொடுத்த மாத்திரையை முதன்முதலாகப் போடாதீர்கள்.

பவளத்தைத் தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. உடைந்த துண்டை எடுத்து வந்தாலும் குற்றம். சட்டத்தை விடுங்கள், பாறை மாதிரி அசையாமல் கிடக்கும் தேள்மீன் மேல் கை பட்டால் அன்றைய நாள் போயிற்று. பட்டுவிட்டால் தோல் தாங்கும் அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முக்கி வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

அல்சூர்வாசி:

ரொம்ப நன்றி. வரிசையைத் திருப்பிட்டேன், ஞாயிறு ராத்திரியும் முருடேஸ்வர்ல ரூம் போட்டாச்சு. சங்குமணி அக்கா எழுதினதை மனைவி படிச்சுட்டாங்க, இப்பவே காதைப் பழகிக்கிட்டிருக்காங்க. ஒரு கேள்வி பாக்கி. பெங்களூர் குளிர்ல ஜனவரின்னா எங்க வீட்ல யாருக்காவது சளி இருக்கும். மூக்கடைப்புக்கு மருந்து போட்டுட்டு இறங்கலாமா?

சங்குமணி:

கூடாது. மருந்தின் வேகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே இறங்கிவிட்டால் காது திரும்ப அடைத்துக்கொள்ளும். இறங்கும்போது அடைத்தால் மேலே வந்துவிடலாம். மேலே வரும்போது அடைத்தால், உள்ளே சிக்கிய காற்று விரிந்து காதையும் நெற்றியையும் உள்ளிருந்து அழுத்தும், அதோடு சேர்த்து சிலிண்டரில் காற்றும் குறைந்துகொண்டிருக்கும். சளி இருப்பவர் படகில் வரலாம், மேல்மட்டத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு ஸ்நார்கல் (குழாய் வழியாக மூச்சு விட்டபடி மிதந்து பார்ப்பது) செய்யலாம். முன்பணம் கட்டும் முன் "சளி வந்தால் தேதி மாற்றித் தருவீர்களா, டைவை ஸ்நார்கலாக மாற்றலாமா" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆழ்கடல்_ஆறுமுகம்:

அக்கா சொன்னதோட இன்ஷூரன்ஸையும் பாருங்க. சாதாரணப் பயண, மருத்துவ பாலிசி பலதுல ஸ்கூபாவை விலக்கு பட்டியல்ல போட்டிருப்பாங்க. பாலிசித் தாள்ல "சாகச விளையாட்டு"ங்கிற பத்தியைப் படிச்சுட்டு, விலக்குன்னு இருந்தா டைவுக்குத் தனியா எடுத்துக்கோங்க. குமிழிப் பிரச்சினைக்கு அழுத்த அறையில (அழுத்தம் கூட்டின அறை) சிகிச்சைன்னு வந்தா செலவு பெருசு.